தேன் வியாபாரத்துக்குத் தேனீ எதற்கு?

டெல்லியில் சின்னதாய் ஒரு தேன் தொழில் தொடங்க ஆசைப்படும் தம்பி தங்கைகளே, முதல் புத்திமதி: தேனீ மட்டும் வளர்த்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் அதைவிட நஷ்டமான வேலை கிடையாது.

தேனீயோடு மாரடிப்பது லேசல்ல. பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளோடு ஓட வேண்டும். குளிர்காலத்தில் பரத்பூர் பக்கம் கடுகு. அது முடிந்தால் முசாபர்பூரில் லிச்சி. பகலில் ஏற்றினால் மேயப்போன தேனீக்கள் அங்கேயே நின்றுவிடும். ஆகவே லாரிப் பயணம் ராத்திரியில்தான். பூவில்லாத மாதங்களில் உங்கள் காசில் சர்க்கரைத் தண்ணீர். பக்கத்து வயலில் மருந்தடித்தால் பெட்டி காலி. இத்தனையும் தாண்டித் தேனைக் கொண்டுபோனால், சில ஆண்டுகளுக்கு முன் கிலோ 150 ரூபாய்க்குப் போனதை 2020இல் 60, 70க்குக் கேட்டார்கள்.

விலை ஏன் விழுந்தது? தேனீயே இல்லாமல் 'தேன்' கிடைத்தால் விழாதா? சர்க்கரைப்பாகு கொட்டாது, லாரி கேட்காது, மருந்துக்குச் சாகாது. சோதனையில் சிக்காத பாகு என்று சீன வலைத்தளங்களிலேயே அப்போது விளம்பரம் வந்தது. உத்தராகண்டின் ஜஸ்பூரில் அதற்குச் செல்லப்பெயரே 'ஆல் பாஸ்'. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சீனத்திலிருந்து மாதிரி வரவழைத்தபோது, பெயிண்ட் நிறமி என்ற சீட்டோடு சுங்கத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது. அந்தப் பாகைப் பாதிக்குப் பாதி கலந்த தேனும் நம் அரசு விதித்த சோதனைகளில் தேறிவிட்டது. நம் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு தாராளமாக மார்க் போடுவதில்லை!

அதே மையம் 13 பிராண்டுகளை ஜெர்மனிக்கு அனுப்பி கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) சோதனை செய்தது. 10 தேறவில்லை. அந்தப் பிராண்டுகளிலிருந்து எடுத்த 22 மாதிரிகளில் எல்லாச் சோதனைகளையும் தாண்டியவை ஐந்துதான். 2020 டிசம்பரில் முடிவு வெளிவந்ததும் பெரிய கம்பெனிகள் மறுத்தன: "அரசின் விதிகளில் எங்கள் தேன் தேறியிருக்கிறதே!" ஐயா, வயிற்றெரிச்சலே அதுதான்!

அது கொரோனாக் காலம் என்பதை மறக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தி வேண்டுமென்று, வேலை போன வீட்டிலும் கடன் வாங்கித் தேன் வாங்கினார்கள். நீரிழிவுக்காரர் சர்க்கரையை விட்டுத் தேனுக்கு மாறினார். அவர்களுக்குப் பாகை விற்றது வியாபாரத் தந்திரமல்ல; நோயாளியின் பையில் கைவிட்ட திருட்டு.

அரசு சும்மா இருந்ததா? இல்லை. 'இனிப்புப் புரட்சி' என்று பெயர் சூட்டி, அதே ஆண்டு மே மாதம் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. பெட்டிக்கு மானியம், பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்க்கத்தான் கண் தெரியவில்லை. கண் அடியோடு தெரியாதென்றும் சொல்ல முடியாது: அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு என்.எம்.ஆர். சோதனையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கன் நாக்குக்குத் தேன். டெல்லி கரோல்பாக் நாக்குக்குப் பாகு போதும்!

கோரிக்கை இரண்டே இரண்டு. கப்பலேறும் தேனுக்கு எந்தச் சோதனையோ, கடைக்கு வரும் தேனுக்கும் அதுவே இருக்கட்டும். எந்த ஊர்ப் பெட்டியில் எடுத்த தேன் என்று பாட்டிலில் அச்சடிக்கட்டும். இவை இரண்டையும் செய்ய மனமில்லாத அரசு, புரட்சி என்ற சொல்லையாவது திருப்பிக் கொடுத்துவிடட்டும்.