முன்னாள் மாணவன் எத்தனை லட்சம்?

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு (நாக்),
நாகர்பாவி, பெங்களூரு.

மகா கனம் பொருந்திய ஐயா,

சித்தூரிலிருந்து எழுதுகிறேன். படித்தது திருப்பதியில். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். 1954-ல் தொடங்கிய வேங்கடேசுவரா, 1983-ல் வந்த பத்மாவதி மகளிர், அப்புறம் கால்நடை, வேதம், சமஸ்கிருதம், 2015-ல் வந்து இறங்கிய ஐஐடி, ஐஐசர் என்று ஏழுமலைக்கு ஏழாவது எங்கள் ஊரில் தேறும். மகளிரைத் தள்ளிவிட்டு மீதியில் ஒன்றைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படித்து முடித்துப் பேரன் எடுத்த பிறகும் என்னைத் தேடாத அந்த இடம், போன மாதம் திடீரென்று ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பியது. 'அன்பார்ந்த முன்னாள் மாணவரே, தங்கள் வாழ்வின் இனிய செய்திகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.' மனசு குளிர்ந்து திறந்தேன். பதவி, நிறுவனம், ஆண்டு வருமானம். கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தில் நன்கொடை, லட்சத்தில். அதன் கீழே பொடி எழுத்தில் 'நாக் பணிக்காக'. என்னை நலம் விசாரித்தது தாங்கள்தான் என்று அப்போது விளங்கியது. மிக்க நன்றி.

தங்கள் கையேட்டையும் தேடிப் படித்தேன். ஐந்தாம் அளவுகோல், நான்காம் பிரிவு: முன்னாள் மாணவர் பங்கேற்பு. சங்கம் பதிவு செய்திருக்கிறதா, ஐந்தாண்டில் வந்த பணம் எத்தனை லட்சம். இதற்கு ஆயிரத்தில் பத்து மதிப்பெண். ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கி வெளியே அனுப்பிய அத்தனை பேரின் பிழைப்புக்கும் நூற்றுக்கு ஒன்று! திருமலை உண்டியலில்கூடப் போட்டவன் தொகையை எழுதிக் காட்டவேண்டியதில்லை.

இருந்தாலும் கடமை தவறக்கூடாது. எங்கள் செட் சார்பில் நிரப்ப உட்கார்ந்தேன்.

முதலில் எம்.எஸ்சி. வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவன். பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறான். பதவி 'விவசாயி' என்றால் ஃபார்ம் ஏற்கிறது. வருமானத்தில்தான் மாட்டிக்கொண்டோம். 2025 சீசனில் கிளிமூக்கு மாங்காய் விலை விழுந்ததும், கிலோவுக்குக் கூழ் ஃபேக்டரி 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 என்று அறிவித்தார்கள். அந்த எட்டை வாங்க ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை நின்றன. '8 + 4' என்று அடித்தால் 'முழு எண் மட்டும் தரவும்' என்கிறது ஃபார்ம். அவனும் அதைத்தான் ஃபேக்டரிக்காரர்களிடம் கேட்டான்.

முகவரிக் கட்டம் இதைவிட மோசம். எங்கள் பக்கத்து ஆட்கள் இருந்த இடத்திலேயே ஊர் மாறுகிறவர்கள். என் தாய்மாமன் திருத்தணிக்காரர். அவர் திருப்பதிக்குப் படிக்க வந்தபோது திருத்தணி எங்கள் சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1 அன்று (தேதியைக் கவனிக்கவும்) அது சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. உள்ளூர்ப் பையனாகச் சேர்ந்தவர் வெளிமாநிலத்தானாகத் தேறினார். சந்திரகிரியில் இருக்கும் என் சிநேகிதனோ 2022 ஏப்ரலில் ஒருநாள் சித்தூர் மாவட்டத்தில் படுத்துத் திருப்பதி மாவட்டத்தில் எழுந்தான். நெல்லூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவும் அதே மாவட்டத்தில் வந்து சேர்ந்துவிட்டதால், ராக்கெட் விடும் மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டான். 'முன்னேற்றம்' கட்டத்தில் இதைக் குறிப்பிடலாமா?

மேற்படிப்புக் கட்டத்தைப் பார்த்ததும் நாராவாரிப்பள்ளிக்காரர் நினைவுக்கு வந்தார். வேங்கடேசுவராவில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, அதைப் பாதியில் விட்டு அரசியலுக்குப் போனவர். 1978-ல் சந்திரகிரியில் ஜெயித்தார். 1995-ல் முதல்முறை முதலமைச்சர். 2024-ல் நான்காம் முறை. தங்கள் ஃபார்மில் சந்திரபாபு நாயுடுவுக்கு இருக்கும் ஒரே கட்டம், 'ஆய்வை நிறைவு செய்யாதவர்'. அதில் டிக் அடிக்க எந்தப் பதிவாளருக்குத் துணிச்சல் வரும்?

லட்சக் கட்டத்துக்கு வருகிறேன். எங்கள் செட்டில் அலிபிரி பக்கம் லாட்ஜ் நடத்துகிறவன் ஒருத்தன் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி எது வந்தாலும் அடியில் அவனுக்கு ஒரு வரி வரும்: 'மச்சி, வர்ற வெள்ளிக்கிழமை மாமனார் வர்றார், நாலு பேர், ஏதாவது பண்ணேன்.' 300 ரூபாய் தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும். இவன் எம்.எல்.ஏ. ஆபீஸ் திண்ணையில் சிபாரிசுக் கடிதத்துக்கு உட்கார்ந்திருப்பான். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் நன்கொடை கொடுத்தால் பிரேக் தரிசனம் கிடைக்கிறதே, அந்த விலைக்கு மதிப்பிட்டால் எங்கள் வாத்தியார்களுக்கும் அவர்கள் சம்பந்திகளுக்கும் இவன் ஆற்றிய பங்களிப்பு பல லட்சம். ரசீது மட்டும் இல்லை. பத்தில் பத்து போடுவீர்களா?

பணம் தவிர மற்றதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். முன்னுதாரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் குண்டூர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்ந்த தரம் கிடைக்க லஞ்சம் என்று சிபிஐ வழக்குப் போட்டு, தங்கள் ஆய்வுக் குழுவினர் உட்படப் பத்துப் பேரைக் கைதுசெய்தது. ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் என்று பட்டியலும் வாசித்தது. உண்மை பொய்யை கோர்ட் பார்த்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பட்டியலின் அமைப்புதான் பிடித்திருந்தது. நான்கு கட்டம், தெளிவாக. முன்னாள் மாணவருக்கு மட்டும் ஏன் ஒரே கட்டம்? கிளிமூக்கு மாங்காய்க்கு ஒன்று, தரிசனக் கடிதத்துக்கு ஒன்று சேர்த்துக் கொடுத்தால் சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டமும் ஏ++ தரம் வாங்கிக் காட்டும்.

என் சொந்த விவரம்: பதவி, ஓய்வு. வருமானம், பென்ஷன். நன்கொடை, 0.00 லட்சம். இனிய செய்தி, மூட்டுவலி கொஞ்சம் தேவலை.

இப்படிக்கு,
தங்கள் பத்து மதிப்பெண்ணில் ஒரு துளி.

பின்குறிப்பு: தங்கள் குழு எப்போதாவது திருப்பதிக்கு நேரில் வந்தால் லாட்ஜ்காரன் நம்பர் கேட்பீர்கள் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்லச் சொன்னான்.