துரைமார் குலுக்கிய பீப்பாய்

போர்ட், மதேரா, ஷெர்ரி என்று பெயரைச் சொல்லும்போதே வாயைக் குவிக்கிற பரம்பரைக் குடும்பங்கள் ஐரோப்பாவில் உண்டு. எந்த வீட்டில் கேட்டாலும் கொள்ளுத்தாத்தா தவமிருந்து அந்த ஒயினைக் கண்டடைந்ததாகத்தான் கதை விடுவார்கள். கப்பல் ஏற்றிய சரக்கு புளித்துத் திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் தாத்தா பீப்பாய்க்குள் பிராந்தியைக் கவிழ்த்தார். தவம் அவ்வளவுதான்.

பிரான்சோடு மல்லுக்கு நின்ற இங்கிலாந்துக்காரனுக்கு முதல் அடி விழுந்தது சாப்பாட்டு மேசையில். பிரெஞ்சு ஒயின் மேல் வரிக்கு மேல் வரி. 1703-ல் போர்த்துகலோடு மெத்துவன் ஒப்பந்தம் போட்டார்கள்: அங்கிருந்து வரும் ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயின் வரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கமாட்டோம். சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் தேசபக்திக்குக் கேட்கவா வேண்டும்? டோரோ பள்ளத்தாக்கின் முரட்டு ஒயின் லண்டன் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் என்று ஆளுக்கொரு கை பிராந்தி சேர்த்தார்கள். பிறகு யாரோ ஒரு அவசரக்காரர் நொதித்து முடியும் முன்பே ஊற்றினார். சாராயம் ஏறியதும் ஈஸ்ட் மொத்தமும் போதையிலேயே உயிரைவிட்டது. அது தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே மிஞ்சியது. இனிப்பும் உண்டு, இருபது சதவீத ஏற்றமும் உண்டு. இன்றும் போர்ட் செய்வது இப்படித்தான். சேர்க்கிற ஸ்பிரிட் மட்டும் 77 சதவீதம் என்று சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்.

"பிராந்தி கலக்காதீர்கள், ஒயினை ஒயினாக விடுங்கள்" என்று போர்ட் வியாபாரத்துக்குள்ளேயே ஒரு மனிதர் கத்தினார். ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர். 1861-ல் டோரோ ஆற்றில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். இடுப்பில் கட்டியிருந்த பணப்பை அவரை இழுத்துக்கொண்டு போனது என்றும், கூடவே வந்த டோனா அன்டோனியா என்ற பெரிய ஒயின் முதலாளியம்மா குடை மாதிரி விரிந்த பாவாடையால் மிதந்து பிழைத்தார் என்றும் ஊரில் கதை. கொள்கைக்காரர் முழுகினார், வியாபாரம் மிதந்தது. பிராந்தி ஊற்றுவதை யாரும் நிறுத்தவில்லை.

நமக்கு வேண்டிய கதை மதேராவில்தான் தொடங்குகிறது. அட்லாண்டிக் நடுவில் இருக்கிற அந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்று பீப்பாய் பீப்பாயாக ஒயின் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வரும். நிலநடுக்கோட்டு வெயிலில் மாதக்கணக்கில் வேகும், அலையில் உருளும். இந்தப் பாட்டுக்கு எந்த ஒயினும் வினிகராகத்தான் ஆகியிருக்க வேண்டும். விற்காமல் போய், ஊர் திரும்பிய பீப்பாயைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள்: வறுத்த முந்திரி வாசனை, கருகிய சர்க்கரை ருசி, புளிப்பு கெடாத அழுத்தம். அன்றிலிருந்து, விற்கிற எண்ணமே இல்லாமல் சும்மா இந்தியாவுக்கு ஒரு நடை போய்வருவதற்காகவே ஒயினைக் கப்பலேற்றினார்கள். நம் கல்யாண மார்க்கெட்டில் ஃபாரின் ரிட்டர்ன் மாப்பிள்ளைக்கு இருந்த மவுசு, லண்டனில் இந்தியா ரிட்டர்ன் மதேராவுக்கு இருந்தது.

கப்பல் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றதும் தீவுக்காரர்கள் நம்மூர் வெயிலை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். இன்றும் மலிவுச் சரக்கைத் தொட்டிகளில் ஊற்றி 45 முதல் 50 டிகிரி வரை சூடேற்றி மூன்று மாதமாவது வேகவைக்கிறார்கள். நல்ல சரக்கு பரணில், ஓட்டுக்கூரைச் சூட்டில் பல வருஷம் கிடக்கிறது. 1745-ல் தொடங்கிய காஸார்ட் கார்டன், 1811-ல் வந்த பிளாண்டி என்று அந்தப் பெரிய குடும்பங்கள் இதைத்தான் பாரம்பரியம் என்கின்றன. சென்னை மே மாதத்துக்கு ராயல்டி தந்ததாகத் தகவல் இல்லை.

பெங்களூருக்கு இந்த வகையறா படையோடு வந்தது. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு, மானத்தை மீட்க இந்தியாவுக்கு வந்தவர். வாஷிங்டனோ மதேரா என்றால் உருகுகிறவர். ஜெயித்த பக்கத்திலும் தோற்ற பக்கத்திலும் ஒரே பீப்பாய்தான். கார்ன்வாலிஸ் மோதிய திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் மதுவையே தடை செய்தவர். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த கார்ன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், மழையில் மாடுகள் செத்து விழ, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அதிகாரிகளின் மதேராவை உடைத்ததாக மட்டும் நான் எங்கும் படித்ததில்லை.

1809-ல் பெங்களூரில் ராணுவக் கன்டோன்மென்ட் வந்தது. கூடவே மெட்ராஸ் படையின் தமிழர்கள்: சிப்பாய், சமையல்காரர், பட்லர். 1868-ல் துரைமார்களுக்கென்று ஒரு கிளப், இன்றைய பெங்களூர் கிளப். 1896-ல் வந்த வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே 13 ரூபாய் பாக்கி வைத்துப் போனதும், அதை வராக்கடன் என்று பேரேட்டில் எழுதியதும் உலகப் பிரசித்தம். பாக்கி எந்தப் பானத்துக்கு என்பதில் எனக்கு ஆர்வமில்லை. நூற்றிச் சொச்சம் வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லியே கிளப் பெருமைப்படுகிறதே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

துரை குடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மதேரா வாங்க வசதியில்லை. ஆனால் ஊரைச் சுற்றித் திராட்சை இருந்தது: பெங்களூர் ப்ளூ. தடித்த தோல், கொட்டை, மூக்கைத் துளைக்கிற வாசனை. இது ஐரோப்பிய ஜாதியே இல்லை, அமெரிக்க லப்ருஸ்காவின் வாரிசு. இசபெல்லா என்ற திராட்சைக்கு ரத்த சொந்தம். வேடிக்கை என்னவென்றால், 1872-ல் மதேராத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்ற அமெரிக்கப் பூச்சி தின்று தீர்த்தபோது, தீவுக்காரர்கள் ஓடிப்போய் நட்டதும் இதே இசபெல்லாவைத்தான். பிழைத்தபின் நன்றி மறந்தாயிற்று. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இசபெல்லாவில் ஒயின் செய்து விற்கக் கூடாது. இங்கேயோ பெங்களூர் ப்ளூ புவிசார் குறியீடு வாங்கிக்கொண்டு கம்பீரமாக இருக்கிறது.

1882-ல் டி. எஸ். வைட், ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஒரு விவசாய ஊர் வேண்டும் என்று மைசூர் மகாராஜாவிடம் 3,900 ஏக்கர் வாங்கி ஒயிட்ஃபீல்டை உண்டாக்கினார். உழுவதில் அவர்கள் பெரிதாகச் சாதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் ஒயினில் சாதித்தார்கள். குக் டவுன், ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கும் அது பரவியது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஐந்து கிலோ ப்ளூ கேட்டால் பழக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்பார்: "ஒயினுக்கா சார்? அப்போ கொஞ்சம் ஓவரா பழுத்ததா எடுத்துக்கோங்க."

வீட்டுக்கு வீடு ஒயினரி என்றால் இதுதான். ஊறுகாய் போட்டு ஓய்ந்த பீங்கான் ஜாடி. கழுவித் துடைத்து ஈரமில்லாமல் காயவைத்த பழத்தைக் கையாலேயே நசுக்கி, சரிக்குச் சரி சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை. வாயில் வெள்ளைத் துணி கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிண்டல். துணியைத் தூக்கினால் மேலே ஊதா நுரை, காது வைத்தால் சுர்ரென்று சத்தம். 21-ம் நாள் வடிகட்டி, சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தால் நிறம் போர்ட்டுக்கே சவால்விடும். கலங்கலாக இருந்தால் முட்டை வெள்ளைக்கரு. ஐரோப்பியப் பாதாள அறைகளிலும் இதே வைத்தியம்தான். கடைசியில் சில வீடுகளில் மாமா வருவார், மிலிட்டரி கேன்டீன் ரம்மோடு. "கெட்டுப்போகாம இருக்கும் ஆன்ட்டி" என்று கால் பாட்டிலைக் கவிழ்ப்பார். முந்நூறு வருஷத்துக்கு முன் போர்ட் வியாபாரி சொன்ன அதே சாக்கு. பட்டாளத்து வாசனை இன்னும் போகவில்லை.

முறையான ஒயின் குடும்பம் 1988-ல் வந்தது. கன்வல் குரோவர், நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர்ப் பக்கம் பிரெஞ்சு ரகங்களை நட்டார். பிறகு பிரான்சின் போர்டோவிலிருந்து ஒயின் நிபுணர் மிஷேல் ரோலன் வந்து ஆலோசனை சொன்னார். உள்ளூர் ப்ளூவை நம்பி அவர்கள் கடை திறக்கவில்லை. அது ஜூஸுக்கும் ஜாமுக்கும், கோவாவில் போர்ட் என்ற பெயரில் விற்கிற இனிப்புச் சரக்குக்கும், ஆன்ட்டிகளின் ஜாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

முதிரவைக்கிற விஷயத்தில்தான் நாம் கொஞ்சம் வீக். ஆங்கிலேயக் கனவான் வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த வருஷத்துப் போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்து, அவனுக்கு 21 வயசானதும்தான் திறப்பார்கள். நம் வீடுகளில் 21 நாள். அதற்கு மேல் வைக்க ஆன்ட்டிக்கும் ஆசைதான். "இந்த ஒரு பாட்டில் ஷீலா கல்யாணத்துக்கு, யாரும் தொடக்கூடாது" என்று அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். ஷீலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதற்குள் அதற்குள்ளே இருப்பது கறுப்புக் காபி டிகாக்ஷன் கலந்த தண்ணீர். நிறம் மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்வதில் மாமா கில்லாடி.