கனோலி துரையும் முளைக்காத விதையும்

1806-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மரப் பைத்தியம் பிடித்தது. காரணம் நெப்போலியன். அவரோடு சண்டை போடக் கப்பல் வேண்டும். கப்பலுக்கு ஓக் மரம் வேண்டும். இங்கிலாந்திலோ ஓக் காடுகள் வழுக்கையாகிக்கொண்டிருந்தன. அப்போதுதான் மலபார் தேக்கின் மேல் கண் விழுந்தது. கறையான் தொடாது, ஆணி துருப்பிடிக்காது, விலையும் கொடுக்க வேண்டாம்.

அந்தத் தேக்கு நின்றது நிலம்பூர்க் காட்டில். வயநாட்டு மலையிலும் நீலகிரிச் சரிவிலும் பிறந்து பேப்பூரில் கடலுக்குப் போகும் சாலியாற்றங்கரை அது. அங்கே காட்டுநாயக்கர், சோழநாயக்கர், பணியர் என்ற பழங்குடிகள் எல்லாம் முன்பே இருந்தார்கள். "காடு எங்கள் கோவிலகத்துச் சொத்து" என்று நிலம்பூர்ச் சிற்றரசர் திருமுல்பாடும் இருந்தார். கம்பெனி இரு தரப்பையும் தீர ஆராய்ந்து, காடு தனக்கே சொந்தம் என்ற நியாயமான முடிவுக்கு வந்தது.

காட்டைப் பார்த்துக்கொள்ள இந்தியாவின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் கேப்டன் வாட்சன். அடிப்படையில் போலீஸ்காரர். மரத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியுமோ தெரியாது, திருடர்களைப் பற்றி நன்றாகத் தெரியும். அதனால் கோடாரி வைத்திருந்த ஊர்க்காரன் ஒவ்வொருவனும் திருடனாகத் தெரிந்தான். தேக்கு முழுக்கக் கம்பெனிக்கு என்று சட்டம் வந்தது. சொந்த நிலத்து மரமானாலும் சொந்தக்காரன் அண்ணாந்து பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

வெட்டுவதும் லேசில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் முழுகிவிடும். அடிமரத்தில் சுற்றி வெட்டி, நின்ற நிலையிலேயே பட்டுப்போகவிட்டு, காய்ந்த பிறகு சாய்க்க வேண்டும். யானை ஆற்றுக்கு இழுத்து வரும். மூங்கிலோடு சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கினால், மழைக்கால வெள்ளம் சம்பளம் கேட்காமல் கடற்கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து பம்பாய்.

மலபார் தேக்கில் பம்பாயில் கட்டிய கப்பல்களில் ஒன்றுக்குத் திருகோணமலையின் பெயர். அதன் ஜாதகம் விசேஷமானது. கப்பலின் வரைபடத்தை 'ஜாவா' என்ற இன்னொரு கப்பலில் இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் பக்கத்தில் அமெரிக்கர்களின் 'கான்ஸ்டிட்யூஷன்' அதை அடித்து நொறுக்கியது. வரைபடம் கடலோடு போயிற்று. மறுபடி அனுப்பி, மரம் அறுத்து, 1817 அக்டோபரில் கப்பலைத் தண்ணீரில் இறக்கியபோது, யாருக்காகக் கட்டினார்களோ அந்த நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கவர்னரோடு பிணக்கில் இருந்தார். கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. அதன் வரைபடத்தை மூழ்கடித்த கான்ஸ்டிட்யூஷனும் பாஸ்டனில் மிதக்கிறது. இரண்டுக்கும் பார்வையாளர் கூட்டம் சேர்ப்பதில்தான் இப்போது போட்டி.

இதற்குள் மலபாரில் தேக்குச் சட்டத்தைப் பற்றிய முணுமுணுப்பு முற்றிவிட்டது. அப்போது சென்னை கவர்னர் மன்றோ; தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1823-இல் வன அதிகாரி பதவியையே ஒழித்தார். நல்ல காரியம் என்று ஊர் மகிழ்ந்தது. மர வியாபாரிகள் இன்னும் அதிகமாக மகிழ்ந்தார்கள். வாட்சன் விட்டுவைத்ததை அவர்கள் விட்டுவைக்கவில்லை.

1840-களில் மலபார் கலெக்டர் கனோலி எட்டிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தேக்கே இல்லை. மரம் என்பது கிடங்கிலிருந்து எடுக்கும் சரக்கல்ல, யாராவது அதை வளர்க்க வேண்டும் என்ற விஷயம் அரசாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, நடுவோம். எங்கே? காடெல்லாம் தன்னுடையது என்று சொன்ன கம்பெனி, இப்போது கைகட்டி நின்று குத்தகைக்கு நிலம் வாங்கியது.

விதைத்தார்கள். முளைக்கவில்லை. தேக்கு விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. ஊறவைத்துப் பார்த்தார்கள், தீயில் வாட்டிப் பார்த்தார்கள். காட்டில் யார் உதவியும் இல்லாமல் முளைத்த விதை, கலெக்டர் உத்தரவு போட்டதும் வேலைநிறுத்தம் செய்தது. ஒருவழியாக 1844 வாக்கில் பக்குவம் பிடிபட்டது. பிடித்தவர்களில் முக்கியமானவர் சாத்து மேனன். அடுத்த சுமார் இருபது வருஷத்தில் பத்து லட்சத்துக்கும் மேலான கன்றுகளை நட்டவர் அவர். அதில் மிஞ்சிய 2.31 ஹெக்டேர் தோப்பு இன்றும் நிற்கிறது. பெயர்: கனோலி பிளாட். மேனன் வெறுமனே நட்டவர்தானே.

கனோலி 1855-இல் கோழிக்கோட்டில், தன் பங்களாவிலேயே, சிறையிலிருந்து தப்பி வந்த மாப்பிளக் கலகக்காரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கும் தேக்குக்கும் சம்பந்தமில்லை.

நடுவில் தங்கக் கூத்து ஒன்றும் நடந்தது. 1880 வாக்கில் சாலியாற்றின் நீர் பிறக்கும் பக்கம், பந்தலூர், தேவாலா மலைகளில் தங்கம் கொட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு லண்டன்காரர்கள் கம்பெனி கம்பெனியாக ஆரம்பித்தார்கள். தங்கம் இருந்தது உண்மைதான். தோண்டும் செலவு அதைவிட அதிகமாக இருந்ததும் உண்மை.

வெள்ளைக்காரன் போனான், சுயராஜ்யம் வந்தது, கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியும் வந்தது. அந்த ஆட்சி சாலியாற்றங்கரை மாவூருக்கு வேலைவாய்ப்புக்காக வருந்தி அழைத்தது யாரை? பிர்லாவை. அவருடைய குவாலியர் ரேயான்ஸ் ஆலைக்கு மூங்கில் விலை, டன்னுக்கு ஒரு ரூபாய். இவ்வளவு மலிவாகக் கேட்கக் கேப்டன் வாட்சனே கூச்சப்பட்டிருப்பார். மூங்கில் குறைந்ததும் ஆலைக்கு யூகலிப்டஸ் தேவைப்பட்டது; இயற்கைக் காட்டை அழித்து நட்டுக் கொடுத்தார்கள். ஆலையின் கழிவு ஆற்றுக்குப் போனது, மீன் செத்தது, கரையோர ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 1999-இல் ஆலை நின்றது. அத்தனை வருஷம் கழிவைக் கொட்டியதற்கு ஆற்றிடம் அது கூலி எதுவும் கேட்கவில்லை. அந்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும்.