பம்பர் நரையியல்: ஒரு மூலபாட ஆய்வு

தமிழில் பம்பர் நரைப்பதைப் பற்றி முறையான ஆய்வு நூல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இந்தக் குறையால் கல்வியுலகம் தூக்கம் கெட்டதாகவும் தெரியவில்லை. ஆனாலும் ஆய்வுக் கட்டுரை என்றால் ‘இத்துறையில் பெரும் இடைவெளி நிலவுகிறது’ என்று தொடங்கியாக வேண்டும், அது மரபு. ஆகவே, இத்துறையில் பெரும் இடைவெளி நிலவுகிறது. பம்பருக்கும் கிரில்லுக்கும் நடுவில் இருப்பது வேறு இடைவெளி. அது இங்கே ஆராயப்படவில்லை.

ஆய்வின் எல்லை வருமாறு. விலை குறைந்த மாடல் கார்களில் பெயின்ட் அடிக்காமல் விட்ட கறுப்புப் பிளாஸ்டிக்குகள் மட்டும்: பம்பர், கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடியின் கூடு, சக்கரத்தைச் சுற்றிய கிளாடிங், வைப்பருக்கு அடியில் சருகு சேரும் பலகை. ஷோரூமை விட்டு வரும்போது கன்னங்கரேலென்று இருக்கும் இவை, சில கோடை கழிந்ததும் சாம்பல் பூத்துவிடுகின்றன. வானம் பார்த்துப் படுத்திருக்கும் பாகங்கள் முதலில் நரைக்கும். நம் ஊர் வெயில் உச்சந்தலையில் இறங்குவதே காரணம் (டீக்கடை, வாய்மொழி).

இனி வேதியியல். இதைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம், தேர்வில் கேட்கமாட்டார்கள். பம்பரின் மூலப்பொருள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். 1954-இல் மிலானில் இதை ஒழுங்கான சங்கிலியாகக் கோத்தவர் ஜூலியோ நட்டா. 1963-இல் கார்ல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு மெத்தில் கிளை முளைத்திருக்கும். கிளை முளைத்த இடத்தில் ஹைட்ரஜனின் பிடி கொஞ்சம் தளர்வு. புற ஊதாக் கதிர் கலவரத்தைத் தொடங்கிவைக்க, ஹைட்ரஜன் கழல, ஆக்சிஜன் உள்ளே புகுந்து சங்கிலியை நறுக்குகிறது. இதைத் தடுக்கக் கம்பெனிக்காரர்கள் கலந்து அனுப்பும் காப்பு மருந்து வருடக்கணக்கில் போராடித் தீர்ந்துபோகிறது. மேல்தோல் வெடித்து நுண்விரிசல் விழுகிறது. உறுதிக்காகச் சேர்த்த டால்க் தூள் வெளியே தலைகாட்டுகிறது. விரிசலுக்குள் இருக்கும் காற்றில் பட்டு வெளிச்சம் சிதறுவதைத்தான் நாம் சாம்பல் என்கிறோம். கறுப்பு கொடுத்த கார்பன் எங்கும் போகவில்லை. அடியில் பத்திரமாக இருக்கிறது.

இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர் போதும். ஊற்றினால் பம்பர் கறுக்கும், காய்ந்தால் வெளுக்கும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருடையது 1.33, பாலிப்ரொப்பிலீனுடையது ஏறக்குறைய 1.49. விரிசலை நிரப்பும் திரவத்தின் எண் பிளாஸ்டிக்கின் எண்ணை நெருங்க நெருங்க வெளிச்சம் சிதறுவது குறையும். பழைய கார் விற்கும் புரோக்கர்கள் இந்த எண்களைப் படித்ததில்லை. ஆனாலும் ஆள் பார்க்க வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியைக் கழுவச் சொல்கிறார்கள் (வாட்டர் சர்வீஸ் ஊழியர், வாய்மொழி; ஹோஸ் ஓடிக்கொண்டிருந்ததால் உரையின் பிற்பாதி சிதைந்துள்ளது).

நரை நீக்கும் மரபுகள் பல.

டீசல் மரபு: நாறும்.

ஷூ பாலிஷ் மரபு: வண்டியில் சாய்ந்து நின்றவரின் வேட்டியோடு முடிவுக்கு வந்தது.

மேட் பிளாக் ஸ்ப்ரே மரபு: பாலிப்ரொப்பிலீனில் பெயின்ட் லேசில் ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காதவர்களின் பம்பர் உரிந்து, நரையோடு சொறியும் சேர்ந்துகொள்ளும்.

ஹீட் கன் மரபு தீவிரவாதம். இந்தப் பிளாஸ்டிக் உருகுவது சுமார் 160 டிகிரியில். ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரி வரை போகும். மேல்தோல் லேசாக இளகி விரிசல் மூடிக்கொள்ள, கறுப்பு கண்ணெதிரே திரும்பி வரும், பார்க்கப் புல்லரிக்கும். கை ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பம்பர் சுருங்கி முகம் சுளிக்கும். தீர்ந்துபோன காப்பு மருந்தை அனல் திருப்பித் தராது என்பதால் நரையும் மறுபடி வரும். இந்தப் பிரிவினர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் காரிலேயே முதல் சோதனையைச் செய்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது (பெரியப்பா, கல்யாண மண்டப உரை, இரண்டாம் பந்தி, பாயசத்துக்கு முன். பாயசத்துக்குப் பின் அவர் கருத்தை மாற்றிக்கொண்டார், அது திருத்திய பதிப்பு).

இப்போது தேங்காய் எண்ணெய் மரபு. இதுவே ஆலமரம், மற்றவை விழுது.

தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.45. பம்பரின் எண்ணுக்கு இவ்வளவு அருகில் வரும் ஒரு திரவம் எல்லா வீட்டுக் குளியலறையிலும் இருப்பது தற்செயல் அல்ல என்பது இம்மரபினரின் முதற்கோள். இங்கிருந்து பிளவு தொடங்குகிறது. செக்கெண்ணெய்ப் பிரிவினர் பாக்கெட் எண்ணெயைத் தீண்டுவதில்லை. பாக்கெட் எண்ணெய்ப் பிரிவினர் செக்கெண்ணெயைப் பம்பருக்குப் பூசுவது பாவம் என்கிறார்கள். விலையைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பூசும் துணியிலும் பேதம் உண்டு: திருப்பூர் பனியன் வேஸ்ட், மைக்ரோ ஃபைபர், உள்ளங்கை. சூடாக்கிப் பூசுவதா, பச்சையாகப் பூசுவதா என்பதில் மலைநாட்டார் தனிப் பிரிவு. 24 டிகிரிக்குக் கீழே இந்த எண்ணெய் உறைந்துவிடுவதால் ஊட்டியில் பூசிய பம்பர் காலையில் வெள்ளையாக எழுந்திருக்கும். நரையை நீக்கப்போய்ப் பனி பிடித்த நிலை. ‘ஊட்டிப் பாடம்’ என்று இதைத் தனியே குறிக்கலாம்.

எண்ணெய் பூசிய மறுநாள் தெருநாய் ஒன்று பம்பரின் வலது மூலையை நக்கிக்கொண்டிருந்தது. சைவ சித்தாந்திகள் வகுத்த காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளில் நாய் எதன்பாற்படும்? நாய் நக்கியதைக் கண்டது காட்சி. எண்ணெய் இன்னும் மேலேயே நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை என்று தெளிந்தது கருதல். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று மாடியிலிருந்து வந்தது உரை. மூன்றும் ஒரே முடிவைச் சொல்வது இத்துறையில் அரிது. நாய் இடது மூலையை ஏன் விட்டது என்று ஒரு தனி விவாதம் நடந்து, இரு தரப்பும் மறுப்புக்கு மறுப்பு எழுதின. இப்படிப்பட்ட விவாதத்தில் கலந்துகொள்ள யாரும் கார் வைத்திருக்க வேண்டியதில்லை. நாயைப் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கு இது பெரிய வசதி.

எண்ணெய் மரபுக்குப் பலவீனமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனைக் குடித்து இறுகிப் படலமாகும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. ஈரமாகவே நிற்கும், தெருப் புழுதியை அழைத்து உட்கார வைக்கும், மழையில் வழிந்தோடும். திரும்பவும் பூச வேண்டும், திரும்பவும் கறுக்கும். பழைய ஆய்வேட்டுக்குப் புது முன்னுரை எழுதி இரண்டாம் பட்டம் வாங்குகிறவர்களுக்கு இந்த வேதியியல் அத்துப்படி. மேலும், எண்ணெய் ஊறிய பம்பரில் பிற்பாடு பெயின்டோ கோட்டிங்கோ பிடிக்காது. தனக்குப் பின் வேறு மரபு முளைக்காதபடி பார்த்துக்கொள்வதில் எண்ணெய்வாதிகள் பேராசிரியர்களுக்கு நிகரானவர்கள் (மாமனார், தொலைபேசிப் பேருரை, மாமியாரின் இடையீட்டுக் குறிப்புகளுடன், பதிப்பாசிரியர் என் மனைவி, பதிப்பில் விடுபட்டது மூலத்தில் பாதிக்கு மேல், விடுபட்ட பகுதி என்னைப் பற்றியது என்று உட்சான்று கூறுகிறது).

எஞ்சியிருப்பது மூலபாடச் சிக்கல். பம்பரின் அசல் நிறம் எது?

கறுப்பே மூலம் என்போர் காட்டும் சான்று நம்பர் பிளேட். முன் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் அதனடியில் வெயில் காணாத ஒரு செவ்வகம் அன்று பிறந்த கறுப்போடு இருக்கும். இதைவிடச் சுத்தமான பிரதி கிடைக்காது. ஆனால் 2019 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். அதன் பூட்டை உடைக்காமல் கழற்ற முடியாது. பிரதி உள்ளே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், பார்க்கத்தான் முடியாது. ஏட்டுச்சுவடி தேடிப் படியேறிப் போய், பூட்டிய அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு இது புதிதல்ல.

சாம்பலே மூலம் என்போர் பிரான்சுக்குப் போகிறார்கள். 1972-இல் வந்த ரெனோ 5, பிளாஸ்டிக் பம்பரைப் பெருவாரியாகத் தெருவுக்குக் கொண்டுவந்த முன்னோடிக் கார்களில் ஒன்று. அந்தப் பம்பரின் நிறம் சாம்பல். எனவே கறுப்பு பிற்காலத்து இடைச்செருகல். வெயில் செய்வது பதிப்புப் பணி. ரெனோவின் பம்பர் கண்ணாடியிழை சேர்த்த பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீனே அல்ல என்று எதிர்த்தரப்பு குறுக்கிடுகிறது. எட்டாத தூரத்தில் கிடக்கும் சொற்களை இழுத்துவந்து ஒன்றாய் முடிச்சுப் போட உரையாசிரியர் நச்சினார்க்கினியருக்கு உரிமை இருந்தபோது, பாலியெஸ்டரையும் பாலிப்ரொப்பிலீனையும் சேர்க்க நமக்கு இல்லையா என்பது இவர்களின் விடை. நான் சாம்பல் கட்சி. எண்ணெய் விலையும் ஒரு காரணம்.

வைப்பர் கைகளின் நரை, கதவு பீடிங்கில் காய்ந்து நிற்கும் வெள்ளை வாக்ஸ் கறை ஆகியன இரண்டாம் தொகுதியில் விரியும். சிறப்புப்பாயிரம் தர வாட்டர் சர்வீஸ்காரர் இசைந்துள்ளார். பம்பரைப் பற்றி அல்ல, பாக்கியைப் பற்றித்தான் எழுதுவேன் என்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.