டிரைவர் மாமா

எங்கள் அடுக்ககத்தில் அவரை எல்லாரும் டிரைவர் மாமா என்றுதான் சொல்வார்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலே ஓட்டுகிறவர் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற ரகம். அவர் மேய்க்கும் டிரைவர்கள் வேறு. சிபியு பெட்டிக்குள் குடியிருப்பவை. புதிதாகக் குடிவந்த ஒருவர் இது தெரியாமல், "நாளைக்குத் திருத்தணி வரைக்கும் வண்டி எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். மாமா ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு வாரமும் அங்கே கம்ப்யூட்டர் நன்றாக ஓடியதாகக் கேள்வி.

கும்பெனிக் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷிகள் இருந்தார்கள் அல்லவா? துரைக்கு வியாபாரியின் பாஷை தெரியாது. வியாபாரிக்குத் துரையின் பாஷை தெரியாது. நடுவில் துபாஷி. புதுச்சேரி கவர்னர் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி, விண்டோஸுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன மென்பொருள்தான் டிரைவர். கார்டு நல்ல கார்டாகவே இருக்கும், விண்டோஸும் நல்ல விண்டோஸாகவே இருக்கும். துபாஷிக்குப் புத்தி பிசகினால் போதும், வியாபாரம் படுத்துவிடும். சரக்கே வரவில்லை என்பார் துரை. வியாபாரி மூட்டையோடு வாசலில் நிற்பார்.

மாமா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் நிலுவைக் கோப்புகளின் நடுவே நிம்மதியாக வாழ்ந்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒரே ஓர் அப்டேட் நிலுவையில் இருந்தாலும் தூக்கம் வராதவராகிவிட்டார். அதுவும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்றால் சரி. அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

நான் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்தாக வேண்டும். போன மாதம் 18-ஆம் தேதி சாயங்காலம் மாமா காபி குடிக்க வந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். மருந்துக்கடையில் காலாவதித் தேதி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கீபோர்டு டிரைவரில் வந்து அதிர்ந்து நின்றார்.

"தம்பி, இது 2006 ஜூன் 21! அப்போ உன் பொண்ணு எல்கேஜி!"

மௌஸ் டிரைவரைப் பார்த்தார். அதுவும் 2006 ஜூன் 21. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது, வீட்டில் ஒட்டடை அடிக்காமல் விருந்தாளியைக் கூப்பிட்ட மாதிரி. பிற்பாடுதான் தெரிந்தது: மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்துத் தருகிற டிரைவர்களுக்கு வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியைப் போட்டு வைத்திருக்கிறது. கார்டு செய்த கம்பெனி தன்னுடைய டிரைவரைக் கொடுத்தால் அதுதான் புதிது என்று விண்டோஸ் முடிவு செய்து அதற்கு வழிவிட வேண்டும் என்பதற்காக. டிரைவர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் பிறந்த தேதி மட்டும் அதுதான். சில நடிகைகள் விஷயத்தில் நடப்பதற்கு நேர் எதிர்.

மாமா தன் பென் டிரைவை எடுத்தார். அதில் ஓர் இலவச மென்பொருள் வைத்திருக்கிறார். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும். எனக்கு 23 டிரைவர்கள் பழசு என்று அது சொன்னது. "எல்லாத்தையும் புதுசாக்கிடறேன்" என்று ஒரே தட்டு. திரை ஒரு தடவை கறுத்து வெளுத்தது. காபி முடிவதற்குள் நெட் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? இப்போதுதானே ஒன்றைத் தொட்டோம், அதனால்தான் போயிருக்கும் என்று நினைப்பான். மாமா சாதாரண மனிதர் இல்லை.

"கேபிள் போயிடுச்சு" என்றார்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி இருந்துதே மாமா?"

"போற எதுவும் அஞ்சு நிமிஷம் முன்னாடி இருந்ததுதான் தம்பி."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சிபியுவின் பின்பக்கம், கேபிள் செருகுகிற இடத்தில் லைட் எரியவில்லை என்பதை ஆதாரமாகக் காட்டினார். வீட்டுக்குப் போய் கிரிம்பிங் கருவியோடு வந்தார். ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது. எங்கள் வீட்டு வெள்ளிச் சொம்புக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது, பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். லேன் கேபிளின் நுனியை நறுக்கி, உள்ளே இருக்கிற எட்டுக் கம்பிகளைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு சுலோகம் சொன்னார்: "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு." வரிசை அட்சரம் பிசகவில்லை. கண்ணைத் திறந்திருந்தால் கம்பியும் பிசகியிருக்காது. மூன்று பிளக் வீணாகி, நாலாவது சரியாக உட்கார்ந்தது. ஒரு முழம் கேபிள் குறைந்துபோனதால் சிபியுவை மேஜையிலிருந்து இறக்கி, சுவரோரம் நகர்த்தி வைத்தோம்.

நெட் வரவில்லை.

அப்புறம் கறுப்புத் திரையைத் திறந்து 'பிங்' அடித்தார். 127.0.0.1 என்று ஏதோ ஓர் எண். நாலு அனுப்பினார், நாலுக்கும் பதில் வந்தது. "பாரு, நஷ்டம் பூஜ்யம்! லைன் உயிரோட இருக்கு!" என்று என் முதுகில் தட்டினார். அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த விலாசம். நெட்வொர்க் கார்டே இல்லாவிட்டாலும் பதில் வரும். நம் வீட்டுக் கதவை நாமே உள்ளேயிருந்து தட்டிவிட்டு, "யாரது?" என்று நாமே குரல் கொடுப்பது மாதிரி. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சந்தோஷப்பட்டேன்.

இரவு எட்டரைக்கு மாமாவின் சந்தேகம் ரவுட்டர் மேல் திரும்பியது. என் மனைவியிடம் ஓர் ஊக்கு கேட்டார். ரவுட்டரின் பின்னால் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஊக்கை விட்டுப் பத்து எண்ணினார். அந்த ஓட்டை ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று அதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். மாமாவின் விரல் நுழையக்கூடாது என்று. ஊக்கு என்ற ஒரு பொருள் தமிழ்நாட்டுப் பெண்கள் வளையலில் எப்போதும் தொங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இணைப்பு கொடுத்தவர்கள் ரவுட்டருக்குள் எழுதி வைத்திருந்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, அது தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த பச்சைக் குழந்தையாகக் கண் சிமிட்டியது.

அதுவரை கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் நெட் இல்லை. இப்போது டிவிக்கும் இல்லை. சீரியல் பாதியில் நின்றது. என் மனைவி சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்களை.

மாமா கலங்கவில்லை. "2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா?" என்றார். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி விழுந்த வெள்ளிக்கிழமை அது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். "அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அப்படி ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தன்னை யாரோடு சேர்த்துக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

மறுநாள் காலை கேபிள்காரப் பையன் வந்தான். மாமாவும் வந்துவிட்டார். பையன் யூசர்நேமைத் திரும்ப அடித்தான்; வைஃபை வந்தது. என் லேன் கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினான். பச்சை லைட் பளிச்சென்று எரிந்தது. ஆகக் கேபிளும் குற்றமற்றது, ரவுட்டரும் குற்றமற்றது. சிபியுவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தான். நெட்வொர்க் கார்டின் பெயர்மேல் மஞ்சள் முக்கோணம். கோடு 10: இந்தச் சாதனத்தால் தொடங்க முடியவில்லை.

"நேத்து ஏதாச்சும் டிரைவர் மாத்தினீங்களா சார்?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

பழைய டிரைவருக்குத் திரும்பிப் போக 'ரோல் பேக்' என்று ஒரு பட்டன் உண்டு. அது மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. நான் பல் தேய்க்கப் போயிருந்த நேரத்தில் மாமா வந்து, கார்டையே நீக்கி, 'டிரைவரையும் அழித்துவிடு' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். "சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்றார். சரி, கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கலாம் என்றால், இறக்குவதற்கு நெட் வேண்டும். நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பையன் சிரித்துக்கொண்டே தன் போனை யுஎஸ்பி வயரில் சிபியுவோடு கோத்து, போன் வழியாக நெட் கொடுத்து, பழைய டிரைவரை இறக்கிப் போட்டான். "ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்க சார்."

"ராத்திரியே நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு" என்றார் மாமா, கௌரவத்தோடு.

"அது வேற, இது வேற ஐயா." விண்டோஸ் 8 வந்த நாளிலிருந்து ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லையாம். மறுபடி சீக்கிரம் எழுந்திருக்க வசதியாக, பாதி நினைவை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணயர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்கும். மாமா இதைக் கேட்டு முகம் மலர்ந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று மாடியிலும் இதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி முடித்துவிட்டார்.

கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை. நவம்பர் பிறந்தால் எங்கள் அடுக்ககத்துப் பென்ஷன்காரர்களுக்கெல்லாம் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். நாலாவது வீட்டுப் பாட்டியின் கைரேகை தேய்ந்துபோய் மிஷினில் விழாமல் அடம்பிடிக்க, ஒரு மத்தியானம் பூராவும் விரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். ஒரு பைசா வாங்கியதில்லை. காபி மட்டும்தான்.

20-ஆம் தேதி மத்தியானம் ஜிஎஸ்டி தாக்கல் செய்துவிட்டேன். நெட் இப்போது நன்றாக வருகிறது. பையன் போட்டுவிட்டுப் போன டிரைவர் 2021-ஆம் வருஷத்தது. மாமாவைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.