கணனி எழும்பாமை இயல்: ஒரு வாவிக்கரை ஆராய்ச்சி

எழும்பலும் எழும்பா தொழிதலும் உடைத்தே;
ஏனெனக் கேட்பின் எழும்பிக் காட்டும்.

இது கணனி எழும்பாமை இயலின் முதலாம் நூற்பா. இயற்றியவரும் உரை வகுத்தவரும் இக்கட்டுரையாளரே. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வேறு புலவர் எவரும் இப்பொருளைத் தொடாதபடியால் அந்தப் பாரம் இவர் தலையில் விழுந்தது. நூற்பாவின் கருத்தாவது: பொத்தானை அமத்தினால் சில நாள் எழும்பும், சில நாள் எழும்பாது, காரணம் அறியத் திருத்துகிற பொடியனைக் கூட்டிவந்தால் அவன் செருப்பைக் கழற்றுமுன் எழும்பி நிற்கும் என்றவாறு.

முற்றாகச் செத்த கணனி இவ்வியலுக்குப் புறம்பு. அது ஒருவகையில் நல்ல கணனி. பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டு நம் பாட்டைப் பார்க்கலாம். விட்டுவிட்டு எழும்புவதுதான் வீட்டாரைக் கட்டிப்போடும். மட்டக்களப்பார் மந்திரம் செய்து வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் ஒரு காலம் பயந்து பேசினார்கள். அந்த வித்தை பாட்டன்மாரோடு போயிற்று என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். கந்தோருக்கு நேரமாகி, சோறும் ஆறி, மேசையடியை விட்டு அசையாமல் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைக் கண்டால் அது எங்கே புகுந்திருக்கிறது என்று விளங்கும்.

இனி முன்னோர் ஆய்வு. விட்டுவிட்டுத் தோன்றும் நிகழ்வுகளை ஆராய்வதில் எங்கள் ஊருக்கு நீண்ட பயிற்சி உண்டு. எங்கள் வாவியின் பாடும் மீனைச் சொல்கிறேன். நிலவு காய வேண்டும், காற்று ஓய வேண்டும், மழைக்காலமாக இருக்கக்கூடாது. இத்தனையும் கூடினால் கேட்கும், கூடியும் சில இரவு கேட்காது. 1848 செப்டெம்பரில், அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற துரை, மீனவரோடு தோணியேறி, கோட்டை வாசல் இறங்குதுறைக்கு வடகிழக்கே இருநூறு யார் தூரம் போய்க் காதுகொடுத்தார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியது. தோணி நகர்ந்தால் ஒலி மாறியது, சில இடத்தில் அடியோடு நின்றது. பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி கேட்டது. பாடுவது மீனல்ல, ஊரி என்று மீனவர்கள் சொன்னதையும் அவர் எழுதிவைத்தார். பிற்காலத்தில் இயேசுசபைப் பாதிரியார் லாங் ஒலிப்பதிவுக் கருவியோடு வாவியில் இறங்கினார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, அந்த ஒலிக்கு நீரரமகளிரைக் காரணமாக்கிப் பாட்டே எழுதிவிட்டார். பாடுவது எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எமக்கு வேண்டியது டெனன்ட் துரையின் முடிபு அல்ல, முறை. அவர் ஒன்றை மட்டும் மாற்றினார்: தோணி நிற்கும் இடம். மாற்றிக் கேட்டார், பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வந்தும் கேட்டார். தோணியையும் மீனவரையும் ஒருசேர மாற்றி, நடுவில் ஒரு நேர்த்தியும் வைத்திருந்தால், 1859 இல் லண்டனில் வெளிவந்த அவர் நூலில் அந்தப் பக்கங்களே இருந்திரா.

கணனி உள்ள வீடுகளில் நடப்பது இதற்கு நேரெதிர். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கத்து உறவினர் வீடுகளே எமது களம். ஒரு மாமியின் வாக்குமூலம்:

“மனே, சுவரில சுவிச்சப் போட்டுப்போட்டு முதல் சாமிக்கு விளக்கு வெப்பன். மறுகா வந்து அமத்தினா ஒரு சோலியும் இல்லாம எழும்பும். விளக்கு வெக்காம அமத்திப் பாத்தன், ஏலாதெண்டு கிடந்திட்டு.”

அவருடைய மகன் பெட்டியின் வலப்பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுவான். இடப்பக்கம் தட்டினால் பலிக்காது என்பது அவன் துணிபு. காத்தான்குடி நண்பர் ஒருவர் பிஸ்மி சொல்லி அமத்துவார், எழும்பாவிட்டால் மௌஸைக் கழற்றிவிட்டு அமத்துவார். மேசைவிசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டு அமத்துபவரும் உண்டு. அந்த விசிறி காற்றுத் தருவதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது.

சிரிக்க வேண்டாம். 1948 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூட்டிலடைத்து, அவை எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். தீனி வந்த கணத்தில் எதைச் செய்துகொண்டிருந்ததோ அதனால்தான் தீனி வந்தது என்று ஒவ்வொரு புறாவும் எடுத்துக்கொண்டது. ஒன்று கூட்டுக்குள் இடஞ்சுழியாகச் சுற்றியது. இன்னொன்று மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. எட்டில் ஆறு புறாக்களுக்கு இப்படித் தெளிவான சடங்குகள் அமைந்துவிட்டன. இவ்வியலின் நடுநாயகமான விதி இங்கேதான் பிறக்கிறது: விட்டுவிட்டு வரும் பழுதில், கடைசியாகச் செய்த காரியமே புகழைத் தட்டிக்கொள்ளும். கணனி தானாக எழும்பியிருக்கும். ஆனால் அதற்குச் சற்று முன் மௌஸ் கழற்றப்பட்டது. அந்த வீட்டில் மௌஸ் இனி என்றைக்கும் கழற்றப்படும்.

அறிஞரிடையே இரு சேரிகள் உண்டு. கண்ணகிக்குக் கொம்புமுறி விளையாடும் ஊர்களில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்பைக் கொழுவி இழுப்பது போலவே இங்கும் இழுபறி. வடசேரியார் குற்றம் விண்டோஸில் என்பர். எந்த நோய்க்கும் அவர்கள் மருந்து ஒன்றே: “புதுசா விண்டோஸ் அடிச்சாச் சரி.” தென்சேரியார் குற்றம் இரும்பில் என்பர். வடசேரியின் கொம்பு எளிதில் முறியும். பொத்தானை அமத்தியபின் திரையில் தயாரிப்பாளரின் சின்னம்கூட வரவில்லை என்றால், விண்டோஸ் இன்னும் தட்டிலிருந்து வாசிக்கப்படவே இல்லை. வாசலுக்கே வராத விருந்தாளி மீது கறியைக் கொட்டிய குற்றம் சுமத்த முடியாது. ஆனாலும் அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணனி முழுதாக அணைவதில்லை. பாதி நினைவைத் தட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது, அடுத்த நாள் அந்த நினைவோடே எழும்பப் பார்க்கிறது. முழுதாக மறந்து தொடங்குவது ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான். சின்னம் வந்தபின் தடுமாறும் கணனிகளில் சில இந்த வகை.

எஞ்சியவை எல்லாம் தென்சேரிக்கே. அங்கும் முதற் சந்தேகம் பவர் சப்ளை மேல் விழுவதே முறை. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்ததிலிருந்து, முன்பக்கப் பொத்தான் கரண்டைக் கொடுப்பதுமில்லை, வெட்டுவதுமில்லை. மதர்போட்டிடம் ஒரு விண்ணப்பம் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. மதர்போட் பச்சை வயரைத் தரையோடு சேர்க்கும். பவர் சப்ளை விழித்து 12, 5, 3.3 வோல்ட்டுகளை உண்டாக்கும். அவை நிலைப்பட்டபின், ஒரு வினாடியின் பத்திலொரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட நேரத்தில், “எல்லாம் சரி” என்று சாம்பல் வயரில் சமிக்ஞை அனுப்பும். அது வரும்வரை புரொசசர் ஓரடி எடுத்துவைக்காது. அரச கந்தோரில் கோப்பு நகரும் ஒழுங்கே இதுவும். கையொப்பம் வராவிட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், வேலை மட்டும் நடவாது. விசிறி சுற்றுவதைக் கண்டு பவர் சப்ளை நலம் என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

பவர் சப்ளைக்குள் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் ஒரு திரவம் உண்டு. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது வற்றும். தலை உப்பியிருந்தால் கண்ணாலேயே காணலாம். உப்பாமலே கெட்டதும் உண்டு. வற்றிய கெப்பாசிட்டர் குளிரில் மோசமாகவும், சற்றுச் சூடேறினால் சுமாராகவும் வேலை செய்யும். மார்கழி விடியலில் எழும்பாத கணனி பத்து மணிக்கு எழும்புவதும், திரும்பத் திரும்ப அமத்தினால் ஒருகட்டத்தில் இரங்குவதும் இதனாலேயே. இப்போது மாமியின் விளக்கைத் திரும்பப் பாருங்கள். அவர் சுவர்ச் சுவிச்சைப் போட்டுவிட்டுச் சாமியறைக்குப் போகிறார். பெட்டி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையின் ஒரு சிறு பகுதி அந்தக் கணமே விழித்து 5 வோல்ட்டைக் கொடுத்தபடி மெல்லச் சூடேறுகிறது. திரியைத் திருத்தி, எண்ணெய் விட்டு, திருநீறு பூசி அவர் வரும் அவகாசம் கெப்பாசிட்டருக்குப் போதும். ஆக, சடங்கு பலித்தது மெய், பலித்த காரணம் வேறு. இதை மாமிக்குச் சொன்னேன். “அந்தச் சூட்டக் குடுக்கிறது ஆரெண்டு நினைக்கிறாய்?” என்றார். ஆய்வாளரிடம் மறுப்பு இல்லை.

அடுத்தது உப்பு. எழுவான்கரையில் குடியிருப்பவருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர் வாவி. எந்தக் காற்றும் உப்போடுதான் வரும். காற்றின் ஈரப்பதன் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உப்புத்தூள் வெறும் தூள். அதைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்து, உலோகத்தை அரிக்கத் தொடங்கும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் ஒழுங்காக இருந்த கணனி, மாரி பிறந்ததும் முரண்டுபிடிப்பதை இது விளக்கும். முதலில் கெடுவது றாம் பொருந்தும் பள்ளம். கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து, திரும்பக் கொழுவினால் பெரும்பாலும் எழும்பும். புகழ் றப்பருக்குப் போகும். கழற்றிக் கொழுவியதிலேயே பாதி அழுக்கு உரசிப் போயிருக்கும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உப்புக் குறைவு. அங்கே வயலைத் தாண்டி நீளும் லைனின் கடைசி வீட்டில், 230 வோல்ட் என்பது பொழுதுபட்டபின் ஒரு கனவு.

பொடியன் வந்ததும் எழும்பிவிடும் அதிசயத்துக்கு வருவோம். பௌதிகவியலாளர் வொல்ஃப்காங் பௌலி ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தாலே கருவி உடையும் என்று சகபாடிகள் பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் நம்பினார்கள். ஹம்பேர்க்கில் ஓட்டோ ஸ்டேர்ன் அவரைத் தம் கூடத்துக்குள் விடவேயில்லை. எங்கள் பொடியன் பௌலிக்கு மறுதலை. ஆனால் பெட்டி கடைக்குப் போய் எழும்பினால், சித்து அவனுடையதல்ல, தெருவினுடையது. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை எனும் மிதவையில் ஏறி, பஸ்ஸில் மடியில் இருந்து, திரீவீலரில் பள்ளந்தோறும் குலுங்கி வரும் பெட்டிக்குள் றாமும் கேபிளும் தாமாகவே இருப்புக்கு வந்துவிடுகின்றன. கடை மேசையில் எழும்பும், காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி படுக்கும்.

ஏனைய காரணங்கள் சிறியன. மூன்று வோல்ட் நாணய பற்றரி தீர்ந்தால் கணனி திகதியை மறக்கும். சில காலை 2009 ஜனவரி முதலாம் திகதி என்று சொல்லிக்கொண்டு எழும்பும். அந்த ஆண்டுக்குத் திரும்பிப்போக எந்தக் கரையிலும் யாருக்கும் ஆசையில்லை. பெட்டிக்குள் பல்லி குடியிருக்கலாம். சொன்ன பலன் எதுவானாலும் அது நிற்கும் இடம் கெட்ட இடம். குரங்கையும் விலக்கமுடியாது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுதும் கரண்ட் நின்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சரே சொன்னார். அன்று எழும்பாத கணனிகள் மட்டும் குற்றமற்றவை.

தீர்ப்பு: பக்கத்து வீட்டில் நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். எழும்பினால் உங்களுடைய பழையதைத் திரும்பப் போட்டும் பாருங்கள். மறுபடி படுத்தால்தான் வழக்கு நிரூபணம். பிறகு றாம், பிறகு பற்றரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை மேசையில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பின்பக்கத்தில் 115 என்றும் 230 என்றும் எழுதிய சிவப்புச் சுவிச்சு இருந்தால் அதைச் சிறுபிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். இங்கே 115 பக்கம் தள்ளினால் பவர் சப்ளை வெடித்துவிடக்கூடும். விளக்கை நிறுத்தச் சொல்லவில்லை, விளக்கையும் கொப்பியில் எழுதுங்கள். இதை வாசிக்கும்போது உங்கள் கணனி எழும்பியிருந்தால், இதை வைத்துவிட்டுப் போய் உள்ளதையெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.