பாசிச் சம்பந்தம்

மண்டபம் கடற்கரைப் பெண்களுக்கும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (ஒரு வாசகி, பாம்பன்)

சம்பந்தம் இல்லை, சக்களத்திப் போட்டி! இங்கே மூங்கில் மிதவையில் வளர்க்கிற அதே ரகக் கடற்பாசியைத்தான், தான்சானியாவின் சான்சிபார் தீவுப் பெண்கள் 1989 வாக்கிலிருந்து கழி நட்டு, கயிறு கட்டி வளர்க்கிறார்கள். நம் டூத்பேஸ்ட் குழகுழவென்று நிற்பது இந்தப் பாசிச் சத்தின் தயவில்.

கடல் சூடேறி அங்கே பாசி அழுகுவதால் ஆழத்துக்குப் போகவேண்டிய நிலை. பலருக்கு நீச்சல் தெரியாது. நம்மவர்களோ விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள். டியூஷன் எடுக்கலாம்.

ஆப்பிரிக்கா போக டிக்கெட் என்ன விலை சார்? (ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

எதிர்க்கரையே போதுமே! இலங்கையில் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலம் தொட்டுப் படைவேலைக்கும் அடிமைவேலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். சிரட்டையும் ஸ்பூனும் தட்டி அவர்கள் வீட்டுப் பெண்கள் பாடுவது போர்த்துக்கீசியக் கலப்புமொழிப் பாட்டு. பாடுகிறவர்களிலேயே பலருக்கு அர்த்தம் தெரியாது. நம் சினிமாப் பாட்டு மாதிரிதான்!